வீராம்பட்டினக் கரையிலிருந்து ஒரு கிறிஸ்து பிறப்புக் காலம்

வீராம்பட்டினம் புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய பெரிய மீனவர் ஊர். ஊரின் தெய்வம் செங்கழுநீர் அம்மன். ஆடி வெள்ளியில் அம்மன் தேரேறும்போது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்தார். அந்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர்களும் விடாமல் தொடர்கிறார்கள். இந்த ஊரின் அடையாளம் அம்மன் கோபுரம்தான், மாதா கோயில் மணிக்கூண்டு இல்லை. ஆனாலும் புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் காலத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கரையிலிருந்து புறப்படுவதே பொருத்தம். இங்கே தோப்புக்குள் நிற்கும் ஒரு செங்கல் இடிபாடும், டிசம்பர் 26-ஆம் தேதி கடல் செய்த ஒரு காரியமும் அந்தக் காலத்தின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

கார்த்திகை, மார்கழி இரண்டும் வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் புரளும் மாதங்கள். கடலுக்குப் போக முடியாமல் படகுகள் மணலில் கிடக்கும் நாள்கள் அப்போது அதிகம். கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், அறுந்த கண்ணிகளைச் சரிசெய்வார்கள். விடியற்காலையில் அம்மன் கோயில் பக்கம் மார்கழிப் பாட்டு கேட்கும். வாசல்களில் சாணப் பிள்ளையார் மேல் பூசணிப்பூ செருகியிருக்கும். அதே நாள்களில் அரியாங்குப்பம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சில வீட்டு முகப்புகளில் காகித நட்சத்திரம் தொங்கும். இரண்டும் ஒரே மாதத்துக்குச் சொந்தம். தமிழ்க் கிறிஸ்தவனின் கிறிஸ்துமஸ் பனிப்பொழிவில் வருவதில்லை; மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, கோலம் பெரிதாகும் மார்கழியில் வருகிறது.

கரையிலிருந்து மேற்கே ஆற்றோரமாகப் போனால் அரிக்கமேடு. பிரெஞ்சு ஆய்வாளர் கசால் 1949-இல் தம் அகழாய்வு நூலை வெளியிட்டபோது வீராம்பட்டினம், அரிக்கமேடு என்ற இரு பெயர்களையும் சேர்த்தே தலைப்பில் வைத்தார். 1945-இல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டி, இத்தாலியில் செய்த மெருகேற்றிய சிவப்பு மட்பாண்டத் துண்டுகளையும் மது கொண்டுவந்த ஜாடிகளின் உடைசல்களையும் எடுத்தார். அவை அகுஸ்துஸ், திபேரியுஸ் ஆகிய ரோமைப் பேரரசர்களின் காலத்தை ஒட்டியவை. லூக்கா நற்செய்தியில் இயேசு பிறந்ததைச் சொல்லும் பகுதி, அகுஸ்துஸ் பேரரசர் மக்கள்தொகைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்ட செய்தியோடுதான் தொடங்குகிறது. யோசேப்பும் மரியாவும் பெயர் பதியப் பெத்லகேமுக்கு நடந்த அந்தத் தலைமுறையில், அதே பேரரசின் சரக்கு இந்த ஆற்றங்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. நற்செய்தியின் காலமும் இந்த மண்ணின் ஓட்டாஞ்சில்லும் ஒரே நூற்றாண்டுக்கு உரியவை என்பதை நினைத்துப் பார்க்கும்போது மனம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

அரிக்கமேட்டில் இன்று கண்ணுக்குத் தெரியும் கட்டடம் ரோமையர் காலத்தது அன்று. மரங்களுக்கிடையே வளைவுகளோடு நிற்கும் அந்தச் செங்கல் சுவர் 1770-களில் பாரிஸ் வெளிநாட்டு மறைபோதகர் சபையார் கட்டிய குருமடத்தின் மிச்சம். அதன் கதை நீண்டது. கிழக்காசிய நாடுகளின் இளைஞர்களைக் குருக்களாக்க 1665-இல் சயாம் நாட்டின் அயோத்தியாவில் அந்தச் சபை ஒரு பொதுக் குருமடத்தைத் தொடங்கியது. பர்மியப் படையெடுப்பில் அயோத்தியா அழிந்தது. குருமடம் இன்றைய வியட்நாமின் தென்கோடிக்கு ஓடியது, அங்கேயும் தாக்குதல். 1770-ஆம் ஆண்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் மலாக்கா வழியாகக் கப்பலேறிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம் வீராம்பட்டினம். தலைவராக இருந்தவர் பிஞோ தெ பெகேன், முப்பது வயதுகூட நிரம்பாத குரு. மாணவர்கள் சீனர், சயாமியர், வியட்நாமியர். 1772, 1773-ஆம் ஆண்டுகளில் வியட்நாமியத் துணைவர்களோடு உட்கார்ந்து பிஞோ ஒரு வியட்நாமிய–லத்தீன் அகராதியை உருவாக்கினார். அந்தக் கையெழுத்துப் படியை அடித்தளமாகக் கொண்ட அகராதி 1838-இல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சேறியது. வியட்நாமிய மொழியின் பெரிய அகராதிகளில் ஒன்றுக்குப் பிறந்த வீடு ஒரு தமிழ் மீனவர் ஊர்.

அகராதியைவிடவும் மனத்தில் நிற்பவர்கள் அந்த மாணவர்கள்தான். தாய் தகப்பனை விட்டு, ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, மொழி தெரியாத ஒரு கடற்கரையில் பத்தாண்டுக்கு மேல் கிறிஸ்து பிறப்புத் திருநாளை அனுசரித்த பிள்ளைகள் அவர்கள். 1780-களின் தொடக்கத்தில் குருமடம் மூடப்பட்டது. 1808-இல் பினாங்கில் அது மறுபடி உயிர்பெற்றது.

பிஞோவின் கையைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு இன்னொரு பிள்ளையும் வந்தான். வியட்நாமின் நுயென் அரச குடும்பத்து இளவரசன் கான், வயது ஐந்து. ஆட்சியை இழந்து அலைந்த தந்தை, பிரான்சின் படையுதவியைக் கேட்டுவரும்படி மகனையே, அதற்குள் ஆயராகியிருந்த பிஞோவிடம் ஒப்படைத்திருந்தார். 1785-இன் தொடக்கத்தில் இருவரும் புதுச்சேரியில் இறங்கினார்கள். அனுமதிக்காகவும் கப்பலுக்காகவும் ஓராண்டுக்கு மேல் காத்திருந்துவிட்டு 1786-இல்தான் பிரான்சுக்குப் புறப்பட்டார்கள். 1785-இன் கிறிஸ்துமஸ், தாயைப் பிரிந்த அந்தக் குழந்தைக்குப் புதுச்சேரியில் கழிந்தது. 1789-இல் நாடு திரும்பியபோது அவனுக்கு ஒன்பது வயது. முன்னோர் பீடத்தின்முன் மண்டியிட மறுத்தான், அரண்மனை அதிர்ந்தது. விசுவாசம் ஒரு பக்கமும் குடும்பம் ஒரு பக்கமும் இழுத்தால் நடுவில் நிற்பவன் படும் பாட்டுக்கு அந்தச் சிறுவனைவிடச் சான்று வேண்டியதில்லை. 1801-இல் அம்மை நோயில் அவன் இறந்தான். அப்போது தந்தை ஜியா லாங் என்ற பட்டப்பெயரோடு பேரரசராகும் வாயிலில் நின்றார்.

குருமடத்து இடிபாட்டிலிருந்து அரியாங்குப்பம் பக்கத்தில்தான். 1748-இல் இங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையை ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் முற்றுகையிட்டார். கோட்டை இன்று இல்லை. ஆரோக்கிய மாதா கோயில் இருக்கிறது, அதைச் சுற்றிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் காலத்தின் வீட்டுவேலையை இங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

திருச்சபை நாட்காட்டியில் திருவருகைக் காலம் நவம்பர் 30-ஆம் தேதிக்கு, அதாவது அந்திரேயா திருநாளுக்கு, மிக அருகில் வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். குடும்பங்களின் கணக்கு அதற்கும் முந்தியது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முன்பே கல்லறைகளில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பெயரெழுத்துக்கு மை பூசிவிடுவார்கள். அன்று மாலை செவ்வந்தி, கோழிக்கொண்டை மாலைகளும் மெழுகுவர்த்திகளுமாகக் கல்லறைத் தோட்டம் முழுக்க வெளிச்சம். அந்த ஆண்டில் வீட்டில் ஓர் இறப்பு நேர்ந்திருந்தால் டிசம்பரில் ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் பண்டிகை இல்லை என்பது தமிழ் வழக்கம். வேதத்தில் சேர்ந்த பிறகும் அந்த வழக்கத்தை யாரும் கைவிட்டதில்லை.

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கும் பீடத்தருகே பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் இருக்கும்; மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். அந்த ஞாயிறுகளில் சாமியார் ஊதா உடை அணிவார், வானவர் கீதம் பாடமாட்டார்கள். காத்திருப்புக்கு ஒரு நிறமும் ஒரு மௌனமும் கொடுத்த ஏற்பாடு அது. வீட்டில் காத்திருப்பு வேறு வடிவம் எடுக்கிறது. சிறு தட்டுகளிலும் தேங்காய்ச் சிரட்டைகளிலும் மண் பரப்பி, கேழ்வரகோ நெல்லோ கோதுமையோ தெளித்து இருட்டறையில் வைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் முளை விரற்கடை உயரம் வந்துவிடும். அதுதான் குடிலைச் சுற்றி வைக்கும் வயல். அம்மன் கோயில் முளைப்பாரி அறிந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த வேலையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடில் வைக்கும் பழக்கத்தைத் தொடங்கியவராக அசிசி நகரப் பிரான்சிஸ் போற்றப்படுகிறார். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பிக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். அது இங்கே வந்து சேர்ந்தபோது கீற்றுக் கொட்டகை ஆனது. தென்னை ஓலை முடைந்த கூரை, ஆற்று மணல், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், கரையில் வாத்து, பனைமரம், கிணறு, சில வீடுகளில் ஒரு கட்டுமரமும் உண்டு. பொம்மைகள் மண்ணிலோ காகிதக் கூழிலோ செய்தவை. இரண்டு கைவினையும் இந்த வட்டாரத்துச் சொத்து. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக் கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. டிசம்பர் 24 இரவு வரை தீவனத் தொட்டி காலியாகவே இருக்கும். பிள்ளைகள் எத்தனை முறை கேட்டாலும் குழந்தை இயேசு சுரூபம் அலமாரியை விட்டு வெளியே வராது.

முன்பெல்லாம் மூங்கில் சிம்பைச் சீவிக் கட்டி, வண்ணத்தாளைப் பசையால் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு தொங்கவிட்டு வீட்டு ஆண்களே ஸ்டார் செய்தார்கள். இப்போது கடையில் மடித்து வைத்த காகித நட்சத்திரமும் மின்விளக்குச் சரமும் கிடைக்கின்றன. சுலபம்தான். ஆனால் அப்பாவும் பிள்ளையும் திண்ணையில் உட்கார்ந்து சிம்பு வளைத்த அந்த இரண்டு மாலைகள் வீட்டிலிருந்து காணாமல் போயின, அது இழப்புத்தான்.

அடுப்படி வேலை டிசம்பர் இருபதை ஒட்டிச் சூடுபிடிக்கும். அதிரசத்துக்கு மாவு இடித்துப் பாகு ஊற்றிப் புளிக்க வைப்பது, அச்சுமுறுக்கு அச்சை எண்ணெயில் பழக்குவது, மைதா மாவை முள்கரண்டியிலோ சீப்பிலோ உருட்டிக் கல்கல் சுற்றுவது என்று ஆளுக்கொரு வேலை. கல்கல் சுற்றப் பிள்ளைகளையும் உட்கார வைப்பார்கள். புதுச்சேரிக்கென்று ஒரு கேக் உண்டு, பெயர் விவிக்கம். மைதாவுக்குப் பதில் ரவை. ரம்மில் ஊறவைத்த உலர்பழங்கள், முட்டை, வெண்ணெய். வீட்டில் கலந்து பேக்கரி அடுப்புக்குக் கொடுத்துச் சுட்டுவாங்கும் வழக்கமும் இருந்தது. சுட்ட பலகாரத்தில் முதல் தட்டு கோயிலுக்குப் போகும், இரண்டாவது தட்டு தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய பக்கத்து வீட்டுக்கு. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது இங்கே மரியாதையில்லை. வாழைப்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ வைத்துத்தான் வரும்.

இப்படி எல்லாரையும் பண்டிகையில் சேர்த்துக்கொள்வது இந்த ஊரில் பழைய பழக்கம். அதற்கு எழுத்தில் சான்று வேண்டுமென்றால் நகரத்துக்கு மேற்கே உழவர்கரை போகவேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். இளவயதில் இறந்த தம் மகன் நினைவாக உழவர்கரையில் அந்திரேயா பெயரில் கோயில் கட்டினார். 1745-இல் அந்திரேயா திருநாளையொட்டி நடந்த விழாவையும் விருந்தையும் அக்காலப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிராமணர் முதலாக எல்லாச் சாதியாரும் அழைக்கப்பட்டார்கள். அவரவர் ஆசாரம் கெடாதபடி சமையல் நடந்தது. பிள்ளை வைணவர், கனகராய முதலியாரோடு அவருக்கு நெருக்கமும் உண்டு, போட்டியும் உண்டு. அந்த மனநிலையோடு எழுதிய குறிப்பு என்பதால் அதன் நம்பகம் கூடுகிறது. திருவருகைக் காலத்தின் வாசலில், மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் ஊருக்கே சோறு போட்டது அந்த விருந்து. அடுத்த பிப்ரவரியில் அவரும் இறந்தார். சொத்துக்காக அவர் குடும்பத்தில் வழக்கு எழுந்தது.

அதே 1745-இன் நாட்குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நகரத்துச் சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. காரைக்காலிலிருந்து வந்த சாமியார் அதைக் கண்டித்தார், ஒடுக்கப்பட்டவர்கள் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதியார் கொதித்தார்கள். ஊருக்கெல்லாம் விருந்து நடந்த அதே காலத்தில், ஒரே கடவுளை வணங்கியவர்களுக்கு நடுவே சுவர் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். அந்தச் சுவர் விழுந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கோயிலில் தனி இடம், கல்லறையில் தனிப் பகுதி என்று தமிழ்நாட்டின் பல பங்குகளில் அந்தப் பிரிவினை இருபதாம் நூற்றாண்டு முழுக்க வேறு உருவில் நீடித்தது. தலித் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துப் போராடியே ஒவ்வொரு அங்குலத்தையும் வென்றார்கள்.

சம்பா கோயில் என்பது ஜென்மராக்கினி மாதா பேராலயத்துக்கு மக்கள் வைத்த பெயர். சேன் போல், அதாவது புனித பவுல், என்ற பிரெஞ்சுச் சொல் தமிழ் வாயில் சம்பா ஆனது. இயேசு சபையார் 1692-இல் கட்டிய முதல் கோயில் அடுத்த ஆண்டே டச்சுக்காரர் கையில் அழிந்தது. பின்னால் எழுந்த பெரிய கோயில் 1761-இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது போயிற்று. இப்போது மிஷன் வீதியில் நிற்பது 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது. இதன் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்த வேளையில், துய்ப்ளேக்சின் ஆட்சி அதை இடித்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாளை மிகுந்த வேதனையோடு எழுதியிருக்கிறார். இன்று ஈசுவரன் கோயில் சில தெருக்கள் தள்ளி நிற்கிறது. டிசம்பர் 8-ஆம் தேதி வரும் பேராலயப் பெருவிழாவுக்கு முன்பே கொடியேற்றி ஒன்பது நாள் நவநாள் நடக்கும்போது மெழுகுவர்த்தி வாங்கும் கைகளில் திருநீறு பூசியவர்களின் கைகளும் உண்டு.

குடும்ப வழக்கங்களில் எது சமயம், எது நாட்டு நடப்பு என்ற வழக்கு புதுச்சேரியிலேயே விசாரிக்கப்பட்டது. சீனாவுக்குப் போகும் வழியில் 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதர் தெ தூர்நோன் இங்கே இறங்கி எட்டு மாதம் தங்கினார். 1704 ஜூன் 23-ஆம் தேதி ஒப்பமிட்ட ஆணையில் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது, பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடுவது, விலக்கான பெண்களைத் திருவருட்சாதனங்களிலிருந்து ஒதுக்கி வைப்பது எல்லாவற்றையும் தடுத்தார். தாழ்த்தப்பட்டவர் வீட்டில் நோயாளி கிடந்தால் சாமியார் அந்த வீட்டுக்கே போகவேண்டும் என்றும் விதித்தார். நாற்பது ஆண்டு வழக்குக்குப் பிறகு 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பெரும்பாலானவற்றை உறுதிசெய்தார். நோயாளி வீட்டைப் பற்றிய கட்டளையும், விலக்கான பெண்களைப் பற்றிய கட்டளையும் காலத்தை மிஞ்சிய நியாயம். மற்றவற்றில் சில, தமிழ்க் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள எட்டு மாதம் போதாது என்பதற்கே சான்று. மக்கள் தாலியை விடவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையோ புறாவோ பொறித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 24 இரவு புதுச்சேரியில் பெருங்கூட்டம் கூடும் இடங்களில் ஒன்று தெற்குப் புல்வார்டில், ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இருதய ஆண்டவர் கோயில். 1902-இல் தொடங்கி 1907 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, மந்திரிக்கப்பட்ட கோயில் இது. 2011-இல் பசிலிக்கா ஆனது. கோத்திக் வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமாக உள்ளே நிற்கும்போது மேற்கே எங்கோ இருப்பதாகத் தோன்றும். பாட்டுத் தொடங்கியதும் அந்த எண்ணம் போய்விடும். ஹார்மோனியம் போய்க் கீபோர்டு வந்தாலும் மெட்டு தமிழ் மெட்டுத்தான். உள்ளே இடம் போதாமல் வளாகம் முழுக்க நாற்காலி போடுவார்கள். பட்டுப்புடவையில் பாட்டிகள், கசங்காத புதுச்சட்டையில் பிள்ளைகள், தோளில் தூங்கிப்போன குழந்தைகள். வானவர் கீதம் தொடங்கியதும் நான்கு வாரம் அடக்கிவைத்த மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும். சாமியார் குழந்தை இயேசு சுரூபத்தைத் தூக்கிக் காட்டிக் குடிலில் கிடத்துவார். பூசை முடிந்ததும் மக்கள் வரிசையில் நின்று முத்தி செய்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு இந்தப் பூசை லத்தீனில் நடந்தது. பொருள் புரியாமலே ஓசையை மனப்பாடம் செய்தவர்கள் உண்டு.

வீடு திரும்பிய பிறகுதான் அலமாரியில் காத்திருந்த குழந்தை வெளியே வரும். வீட்டின் மிகச் சிறிய பிள்ளையின் கையில் கொடுத்துக் குடிலில் வைக்கச் சொல்வார்கள். பெரியவர்கள் காலில் விழுந்து சிலுவை அடையாளம் பெறுவார்கள். பிறகு கேக், காபி. விடிந்தால் பிரியாணி. விசுவாசம் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த கேள்வி பதில் மறந்து போகலாம். நடுஇரவில் தூக்கக் கலக்கத்தோடு தீவனத் தொட்டியில் ஒரு மண்பொம்மையை வைத்த கை அதை மறக்காது.

கடற்கரையை ஒட்டிய துய்மா வீதியில் இரவு வேறு மாதிரி. கப்புச்சின் சாமியார்களால் கப்ஸ் கோயில் என்று பெயர்பெற்ற வானதூதர்களின் மாதா கோயில் 1855-இல் கட்டியது. இங்கே பிரெஞ்சிலும் பூசை உண்டு. சொல்தாக்கள் என்று ஊரார் அழைக்கும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்களின் குடும்பங்களும், விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்தவர்களும் இங்கே கூடுவார்கள். பூசைக்குப் பிந்திய விருந்தை ரெவெய்யோன் என்பார்கள். மரக்கட்டை வடிவக் கேக் மேசைக்கு வரும். கூடவே பெரும்பாலும் ஒரு வியட்நாமியப் பலகாரமும் வரும்: அரிசித்தாளில் இறைச்சியும் காயும் வைத்துச் சுருட்டிப் பொரித்த சாயோ.

சாயோ புதுச்சேரிக்கு வந்த வழி, வீராம்பட்டினக் குருமடத்துப் பிள்ளைகள் வந்த வழிதான். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை, தம் சாதி சமயச் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கப் புதுச்சேரி மக்களுக்கு வழிவிட்டது. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் பலர். பிரெஞ்சு அரசு சைகோனைப் பிடித்து ஆண்ட காலத்தில் எழுத்தர், காவலர், சுங்கத்தார், படைவீரர் என்று அவர்கள் கப்பலேறினார்கள். நூறாண்டுக்கு முன் வியட்நாமியப் பிள்ளைகள் தமிழ்க் கரையில் கிறிஸ்துமஸ் கொண்டாடியதுபோல, இப்போது தமிழர்கள் சைகோனில் கொண்டாடினார்கள். சிலர் அங்கேயே மணம் செய்தார்கள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அங்கே முடிந்ததை ஒட்டிப் பல குடும்பங்கள் மனைவி மக்களோடு திரும்பின. வியட்நாமிய மருமகளின் கைமணம் தமிழ் மாமியாரின் கிறிஸ்துமஸ் மேசைக்கு இப்படித்தான் ஏறியது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் பக்கம். டிசம்பரில் விமானச்சீட்டு எடுத்து வருபவர்கள் வருகிறார்கள். வராதவர்களுக்காகக் கைபேசியைக் குடிலுக்கு எதிரே நிமிர்த்தி வைக்கிறார்கள். ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும் பண்டிகை இது. அந்த நாற்காலியை ஒதுக்காமல் போட்டு வைப்பதும் அன்புதான்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். இயேசு, மரியா, யோசேப்பு என்ற சிறு குடும்பத்தை நினைக்கும் நாள். 1893-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அனுமதித்து, 1921-இல் திருச்சபை முழுமைக்கும் விரிந்து, 1969-இல் இந்த ஞாயிற்றுக்கு மாறியது. தமிழில் இந்தக் குடும்பத்துக்கு அதற்கும் முன்பே ஒரு காவியம் உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குத் தலைவன் வளன் எனும் யோசேப்பு. நற்செய்திகளில் ஒரு சொல்கூடப் பேசாத தச்சன். 3615 பாடல்களில் அவரைப் பேசவைத்த அந்த நூலை 1850-களில் புதுச்சேரி மிஷன் அச்சகம் அச்சிட்டது.

2004-இல் அந்தத் திருநாள் டிசம்பர் 26-ஆம் தேதி வந்தது. சுமாத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்து இரண்டரை மணி நேரத்துக்குள் அலை சோழமண்டலக் கரையை அடித்தது. காலைப் பூசைக்கு நேரம். புதுச்சேரி நகரத்தைப் பிரெஞ்சுக்காரர் கட்டிய கடற்சுவரும் கருங்கல் அணையும் காத்தன. சுவர் இல்லாத மீனவர் ஊர்கள் அடிபட்டன. வீராம்பட்டினமும் அவற்றில் ஒன்று. படகுகளும் வலைகளும் போயின. ஒன்றியப் பகுதியில் இறந்தவர்களில் பெரும்பங்கு காரைக்காலைச் சேர்ந்தவர்கள். அதற்கும் தெற்கே வேளாங்கண்ணியில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் கொத்தாகப் போனார்கள். திருக்குடும்பத் திருநாளில் எத்தனையோ குடும்பங்கள் உடைந்தன. அந்த வாரத்தில் கோயில்களும் பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் அடைக்கலக் கூடங்கள் ஆயின; சோற்றுப் பொட்டலம் நீட்டிய கை எந்தச் சமயத்துக் கை என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கரையில் டிசம்பர் 26 இன்று நினைவுநாள். கடலில் பூவும் பாலும் ஊற்றி மீனவர்கள் அழும்போது, முந்தின நாள் பண்டிகைக்குக் கட்டிய ஸ்டார் தெரு முனையில் எரிந்துகொண்டிருக்கிறது.

புத்தாண்டுக்கு முன் மிச்சமுள்ள விடுமுறையில் பல குடும்பங்கள் வில்லியனூர் போய்வரும். பிரான்சிலிருந்து 1877-இல் வந்த லூர்து மாதா சுரூபமும், தெப்பக்குளம் போலப் படிக்கட்டு இறங்கும் குளமும் அங்கே இருக்கின்றன. 31-ஆம் தேதி இரவு நன்றி வழிபாடு. சொல்தா வீடுகளில் மறுநாள் காலை ‘போன்னானே’ என்று வாழ்த்திக்கொள்வார்கள். அந்த நாளில் ஆளுநரைக் கண்டு வாழ்த்துச் சொல்லப் போவது ஆனந்தரங்கப் பிள்ளை காலத்திலேயே இருந்த முறை.

ஜனவரியின் முதல் வாரத்தையொட்டி வரும் ஞாயிறு மூன்று ராசாக்கள் திருநாள். ஒட்டகத்தோடு தூரத்தில் நிறுத்தி வைத்த மூன்று பொம்மைகளையும் பிள்ளைகள் நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்திக் குடில் வாசலுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். பிரெஞ்சு வழக்கம் உள்ள வீடுகளில் ரொட்டிக்குள் ஒரு அவரை விதையை மறைத்துச் சுடுவார்கள். யார் துண்டில் அது அகப்படுகிறதோ அவருக்கு அன்று காகிதக் கிரீடம். மறுநாள் குடிலைக் கலைப்பார்கள். மஞ்சளாகிச் சாய்ந்த முளைகள் மாட்டுக்குப் போகும், மணல் வாசலுக்கு. பொம்மைகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மாட்டை அடியிலும் குழந்தையை மேலேயும் வைத்து மரப்பெட்டியை மூடுவார்கள். பொங்கலுக்கு அப்போது ஒரு வாரம் இருக்கும். வீராம்பட்டினத்தில் காற்று திரும்பிக் கடல் அடங்கத் தொடங்கும். படகுகளை மறுபடி தண்ணீருக்குத் தள்ளுவார்கள்.